எட்டு எழுத்துக்கு இரண்டு ஜாமீன்

தென்கடல் சரக்கு எடைக் கழகத்தின் மூன்றாம் எண் எடைமேடையில் லிங்கராஜ் பதினொரு வருடமாக உட்கார்ந்திருக்கிறார். இத்தனை வருடத்தில் யாரும் சொல்லாமல் அவர் ஒரு பட்டனைக்கூட அமுக்கியதில்லை. லாரி மேடையில் ஏறும். திரையில் எடை வரும். மவுஸால் ஒரு தட்டுத் தட்டினால் சீட்டு வரும். சீட்டை வாங்கிக்கொண்டு லாரி துறைமுகத்துக்குப் போகும். இந்த வேலையில் மூளைக்கு இடம் கொடுத்தால் அது கெட்டுவிடும் என்பதை அவர் சேர்ந்த முதல் வாரத்திலேயே புரிந்துகொண்டிருந்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு மேடையில் ஏறிய லாரி அவர் மனைவியின் தம்பி வெள்ளத்துரையுடையது. ஆழ்வார்திருநகரிப் பக்கம் ஆற்றுத் தண்ணீரில் விளைந்த வாழைக்காய், எட்டு டன், பச்சைப்பசேலென்று இருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் துறைமுகத்தில் குளிர்பெட்டிக்குள் ஏற்றிவிட்டால் கப்பலேறி வளைகுடாவுக்குப் போய்விடும். வெள்ளத்துரை வெளிநாட்டுக்குக் காய் அனுப்புவது இதுதான் முதல் தடவை. அதனால் யாரையும் நம்பாமல் லாரியைத் தானே ஓட்டிக்கொண்டு வந்திருந்தான்.

திரையில் எடை வரவில்லை. ஒரு சின்னக் கோடு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

“என்னத்தான், என் லாரிக்கு எடையே இல்லையா?” என்று வெள்ளத்துரை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான்.

“பொறுலே. மெஷின் யோசிக்கி.”

மெஷின் முக்கால் மணி நேரம் யோசித்தது. அதற்குள் பின்னால் உப்பு லாரியும் கருவாட்டு லாரியுமாகப் பதினேழு வண்டிகள் சேர்ந்துவிட்டன. “அண்ணாச்சி, வரிசை ரயில்வே கேட்டைத் தாண்டிட்டு” என்று வாசல் காவலர் ரெக்சன் வந்து சொன்னார். ரெக்சன் திரேஸ்புரத்துக்காரர். சீட்டில் எழுதியிருப்பதைத் தவிர உலகத்தில் வேறு எதையும் நம்பாதவர்.

லிங்கராஜ் போன் போட்டதும் பேச்சிச்செல்வி ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். பழைய பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவள். மேஜைக்கு அடியில் குனிந்தவள், எடைமேடையிலிருந்து கம்ப்யூட்டருக்கு வருகிற கேபிளை இழுத்தாள். அது பாதியிலேயே கையோடு வந்துவிட்டது.

“உப்புக்காத்து தின்னுட்டு அண்ணாச்சி. புதுசு போட்டுருதேன்.”

போட்டாள். அப்போதும் கோடுதான் சிமிட்டியது.

“இது வேற கம்பெனிக் கேபிளு. கம்ப்யூட்டருக்கு இது யாருன்னு தெரியல. எடைமேடையைப் பேச வைக்கிற புரோகிராம் ஒண்ணு உள்ள இருக்கு. அதுக்குப் பேரு டிரைவர். அது கெர்னலுக்குள்ள கெடக்கு.”

“கெர்னல்னா?”

“கம்ப்யூட்டரோட அடிமடின்னு வச்சுக்கிடுங்க. அந்த டிரைவர்கிட்ட, ‘இந்தக் கேபிளு நம்ம ஆளுதான், சேத்துக்கோ’ன்னு ஒருவாட்டி சொல்லணும். கேபிளோட நம்பரை இந்தக் கட்டத்துல அடிச்சு என்டரைத் தட்டுனாப் போதும். மொத்தம் எட்டே எழுத்து. ஒரு நிமிஷ வேலை.”

எட்டு எழுத்தையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதினாள். பிறகு கீபோர்டைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். என்டர் பட்டன் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குச் சிவப்பு அரக்கு உறைந்திருந்தது. அதன்மேல் கழகத்தின் முத்திரை, தராசும் முத்துச்சிப்பியும், அழகாகப் பதிந்திருந்தது.

“என்ன அண்ணாச்சி இது?”

“அதைத் தொடாத தாயி. அது சரிபார்ப்புப் பிரிவோடது.”

அந்த அரக்குக்கு ஒரு வரலாறு உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் பயிற்சிக்கு வந்திருந்த ஓர் அதிகாரி, என்ன ஆகிறது பார்ப்போம் என்று அதே கட்டத்தில் தன்னுடைய செல்போன் நம்பரை அடித்து என்டரைத் தட்டினார். கம்ப்யூட்டர் ஒன்றரை நாள் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தது. புரோகிராம் எழுதிய கம்பெனி ஒரே ஒரு வரியில் கடிதம் அனுப்பியது: ‘சாதனத்தை டிரைவருடன் பிணைக்கும் முன் பயனர் உள்ளீட்டைச் சரிபார்க்க வேண்டும்.’ கட்டத்தில் தப்பான எண்ணை அடித்தால் வாங்காதே என்று புரோகிராமுக்குள் இரண்டு வரி சேர்க்க வேண்டும் என்பது அதன் பொருள். கழகம் அந்தக் கடிதத்தை மூன்று நாள் கூடிப் படித்தது. படித்து முடித்ததும் என்டர் பட்டனுக்கு அரக்கு வைத்தது. இரண்டாவது மாடியில் பதினாலு பேரும் நான்கு ஏசியும் கொண்ட ‘பயனர் உள்ளீட்டுச் சரிபார்ப்புப் பிரிவு’ என்று ஒன்றைத் திறந்தது.

இரண்டு வருடத்தில் அந்தப் பிரிவு சரிபார்த்து முடித்தது ஒரே ஒரு எண். எடைமேடை அறையின் ஜன்னலுக்கு வெளிப்புறம் மாட்டி, அதே கம்ப்யூட்டரில் செருகியிருக்கும் கைரேகை வருகைப்பதிவு மெஷினின் எண் அது. அதற்கு ஒரு பாராட்டு விழாவும் நடந்தது.

லிங்கராஜ் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மாடி ஏறினார்.

பிரிவின் கண்காணிப்பாளர் சிவப்பிரகாஷ் படிவத்தை எடுத்து மேஜையில் பரப்பினார். அது மேஜையைவிட நீளமாக இருந்தது.

“முதல்ல பயனரைச் சரிபார்க்கணும்” என்றார்.

“சார், அடிக்கப்போற நம்பரைத்தான…”

“உள்ளீடு எங்கேருந்து வருது? பயனர்கிட்டேருந்து. பயனர் சரியில்லேன்னா உள்ளீடு எப்படி சரியா இருக்கும்? கையை நீட்டுங்க.”

ஓர் உதவியாளர் லிங்கராஜின் பத்து விரல்களையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு விரலையும் மூன்று தடவை மடக்கி நீட்டச் சொன்னார். கடைசியில், ‘இடது சுண்டுவிரல் நீங்கலாக ஒன்பது விரல்கள் உள்ளீட்டுக்குத் தகுதியானவை’ என்று எழுதி முத்திரை குத்தினார்கள். அந்தச் சுண்டுவிரலுக்கு என்ன குறை என்று லிங்கராஜ் கேட்கவில்லை. ஆனால் அன்று முழுவதும் அதை மற்ற விரல்களுக்குள் மறைத்தே வைத்திருந்தார்.

“அடுத்து, டிரைவர். லைசென்ஸ் நகல் எங்கே?”

“சார், இது அந்த டிரைவர் இல்ல. இது புரோகிராமு. பேச்சிச்செல்வி சொன்னா.”

சிவப்பிரகாஷ் கடிதத்தை எடுத்து விரலால் தொட்டுக் காட்டினார். “என்ன போட்டிருக்கு? ‘சாதனத்தை டிரைவருடன்’. அவர் எந்த டிரைவரா இருந்தாலும் லைசென்ஸ் இல்லாம சாதனத்தை எப்படி ஒப்படைக்கிறது? நாளைக்கு ஒரு விபத்துன்னா யார் பதில் சொல்றது?”

மணி பன்னிரண்டரை. ஜன்னல் வழியே பார்த்தால், வெயிலில் தார்ப்பாய்க்கு அடியில் மச்சினனின் வாழைக்காய். லிங்கராஜ் இறங்கிப் போய் வெள்ளத்துரையைக் கூட்டிவந்தார்.

“இவரு டிரைவர் சார். லைசென்ஸ் வச்சிருக்காரு.”

சிவப்பிரகாஷ் லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. “இதைத்தான் காலையிலேருந்து கேக்குறேன். சரி, படிவத்துல கெர்னல் டிரைவர்னு இருக்கே. நீங்க ராணுவத்துல இருந்தீங்களா?”

வெள்ளத்துரை அத்தானைப் பார்த்தான். அத்தான் மின்விசிறியைப் பார்த்தார்.

“ஸ்கூல்ல ரெண்டு வருஷம் என்.சி.சி.யில இருந்தேன் சார்.”

சிவப்பிரகாஷ் விதிப்புத்தகத்தைப் புரட்டிவிட்டு, ‘தற்காலிகக் கர்னலாக ஏற்கப்படுகிறது’ என்று எழுதினார். பக்கத்து மேஜைக்காரர்கள் எழுந்து வந்து வெள்ளத்துரைக்குக் கை கொடுத்தார்கள். ஓர் அம்மா அவனுக்குக் காபி வாங்கி வரச் சொன்னார்.

“கடைசியா, பிணைப்பு” என்றார் சிவப்பிரகாஷ். “பிணைன்னு வந்தா ரெண்டு ஜாமீன் வேணும். டிரைவரை நேர்ல அறிஞ்சவங்களா இருக்கணும். நாளைக்கு அவர் தலைமறைவாயிட்டா?”

ஜாமீன்தாரர்களாக ரெக்சனும் வரிசையில் நின்ற ஓர் உப்பு லாரிக்காரரும் கையெழுத்துப் போட்டார்கள். உப்பு லாரிக்காரர் எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. நின்று நின்று அலுத்துப்போய், யார் எங்கே கையெழுத்துக் கேட்டாலும் போடுகிற மனநிலைக்கு அவர் வந்திருந்தார்.

புதன்கிழமை காலை வாழைக்காயின் மேலடுக்கு மஞ்சளாகத் தொடங்கியது. அன்று பிரிவின் தலைவர் வீரபாகுவின் நேர்முக விசாரணை. பேச்சிச்செல்வி கடையைப் பூட்டிவிட்டுத் தானே வந்திருந்தாள்.

வீரபாகு கனத்த உடம்புக்காரர். சுழல்நாற்காலியில் அவர் உட்காருவதற்குமுன் நாற்காலி ஒரு பெருமூச்சு விடும். அவர் மேஜையில் கம்ப்யூட்டர் இல்லை. உள்ளீடு செய்யும் ஆசை தனக்கே வந்துவிடக் கூடாது என்பதற்காக அதை எடுக்கச் சொல்லிவிட்டதாகப் பெருமையோடு சொல்வார்.

“என்ன நம்பர்?”

“நாலு, சி, ஏழு, இ. பொறவு சைபர், ஒண்ணு, பி, ஒம்பது” என்று லிங்கராஜ் சீட்டைப் பார்த்துப் படித்தார்.

“நம்பர்னு சொன்னீரு. நடுவுல எழுத்து எப்படிவே வந்துச்சு?”

“சார், அது பதினாறை அடியா வச்ச எண் முறை” என்றாள் பேச்சிச்செல்வி. “ஒம்பதுக்கு மேல எழுத்து வரும்.”

“ஒம்பதுக்கு மேல பத்து வரும்மா. எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல அப்படித்தான்.” அவர் சிவப்பு மையால் சீட்டில் குறித்துக்கொண்டே போனார். “சி மூணாவது எழுத்து. மூணுன்னு போடு. இ அஞ்சு. பி ரெண்டு. இந்தச் சைபர் ஒண்ணுக்கு முன்னால நிக்கி. முன்னால நிக்கிற சைபருக்கு மதிப்புக் கிடையாது. வெட்டிரு.”

“ஐயோ சார், ஒரு எழுத்து மாறினாலும் டிரைவருக்கு ஆளு தெரியாது!”

வீரபாகு பேனாவை மூடினார். பேசுவதற்கு முன் பேனாவை மூடுவது அவர் வழக்கம்.

“தாயி, நான் ஒண்ணு சொல்லுதேன், கேளு. மனுஷன் அடிக்கிற எதையும் நம்பக் கூடாது. இது முதல் விதி. மனுஷன் அடிக்கிறதுக்கு முன்னாடியே அவனை நம்பக் கூடாது. இது எங்க பிரிவு கண்டுபிடிச்ச விதி. நாங்க வந்து ரெண்டு வருஷத்துல ஒரு தப்பான உள்ளீடு நடந்திருக்கா? இல்ல. ஏன்? உள்ளீடே நடக்கல. இந்தச் சாதனையை வேற எந்தத் துறை செஞ்சிருக்கு?”

“சார், கம்பெனி சொன்னது மனுஷனைச் சரிபார்க்கச் சொல்லி இல்ல. அவன் அடிச்சதை. புரோகிராமுக்குள்ள ரெண்டு வரி எழுதினாப் போதும். நம்பர் எட்டு எழுத்தா இருக்கா, அப்படி ஒரு கேபிளு நிஜமாவே செருகியிருக்கா, அவ்வளவுதான். நான் இப்பமே எழுதித் தாரேன்.”

வீரபாகு முதல்முறையாக அவளை இரக்கத்தோடு பார்த்தார்.

“ரெண்டு வரின்னு சொல்லுத. சரி. ரெண்டு வரிக்குப் பதினாலு பேரு எப்படிம்மா வேலை பாக்கது?”

பேச்சிச்செல்வி தலையில் கை வைத்துக்கொண்டாள். அதை வீரபாகு தன் வாதத்தின் வலிமையாகக் குறித்துக்கொண்டார். பிறகு அவரே வழியும் சொன்னார். புதுக் கேபிளின் எண்ணைச் சரிபார்க்க ஏழு மாதம் ஆகும். ஆனால் லாரிகளின் கஷ்டம் அவருக்குத் தெரியாதது அல்ல. பிரிவின் பதிவேட்டில் முறையாகச் சரிபார்க்கப்பட்ட எண் ஒன்று தயாராக இருக்கிறது. அதை அடித்துக்கொள்ளலாம்.

“அது கைரேகை மெஷின் நம்பரு சார்!” பேச்சிச்செல்வி எழுந்தேவிட்டாள். “அதை அடிச்சா எடைமேடை டிரைவர் போயி ரேகை மெஷினோடல்லா ஒட்டிக்கிடும்!”

“ஒட்டட்டுமே. அது சரிபார்க்கப்பட்ட ஒட்டு” என்றார் வீரபாகு. நாளை பதினோரு மணிக்குப் பிணைப்பு விழா என்றும் அறிவித்தார்.

படியிறங்கும்போது பேச்சிச்செல்வி துண்டுச் சீட்டை மறுபடி எழுதி லிங்கராஜின் சட்டைப்பையில் வைத்தாள். “அண்ணாச்சி, நான் வெளியாளு. நான் தொட்டா போலீஸ் கேஸு. நீங்க தொட்டா மெமோ. நான் சொல்லதுக்கு ஒண்ணுமில்ல.” ஸ்கூட்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

லிங்கராஜ் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். எட்டு எழுத்து இவ்வளவு கனக்கும் என்று அவருக்குத் தெரியாது. அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் கல்லூரியில் படிக்கிறாள். கழகத்தில் மெமோ வாங்கியவர்கள் எந்தெந்த ஊர்ச் சரக்குக் கிட்டங்கிக்கு மாற்றப்பட்டார்கள் என்பது அவருக்கு மனப்பாடம்.

அன்று மத்தியானம் பிரிவிலிருந்து எட்டுப் பேர் கள ஆய்வுக்கு வந்தார்கள். லாரியின் மேலடுக்கைப் பார்வையிட்டார்கள். பழுத்த பழம் ஏற்றுமதிக்குத் தகுதியற்றது என்று கண்டு, தகுதியற்றவற்றை ஆளுக்கு ஒரு தாராக அப்புறப்படுத்தி உதவினார்கள். தோலை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள்.

“அத்தான்” என்றான் வெள்ளத்துரை. அவன் இரண்டு நாளாக லாரியிலேயே படுத்திருந்தான். “கடனை உடனை வாங்கல, வட்டி இல்ல, அதெல்லாம் பயமில்ல. ஊர்ல எல்லார்ட்டயும் சொல்லிட்டு வந்துட்டேன். என் காயி கப்பலேறப் போகுதுன்னு. இப்பம் இங்கன நின்னு பழுத்துப்போச்சுன்னா நான் எந்த முகத்தோட திரும்பிப் போவேன்?”

லிங்கராஜ் தன் தகுதியற்ற சுண்டுவிரலால் கண்ணோரத்தைத் துடைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை எடைமேடைக்கு முன்னால் பந்தல் போட்டார்கள். குத்துவிளக்கு வந்தது. நாதஸ்வரம் வந்தது. லாரி வரிசை இப்போது உப்பளங்கள் வரைக்கும் நீண்டிருந்தது. டிரைவர்கள் பந்தல் நிழலில் வந்து உட்கார்ந்ததால் கூட்டமும் நன்றாக இருந்தது.

வெள்ளத்துரைக்கு மாலை போட்டு எடைமேடை அறையில் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். ‘சாதனத்தை டிரைவருடன் பிணைக்க’ என்ற ஆணையை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றும் பொருட்டு, கம்ப்யூட்டரில் செருகியிருந்த புதுக் கேபிளின் நடுப்பகுதியை சிவப்பிரகாஷ் அவன் மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றால் மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினார். கெட்டிமேளம் கொட்டியது. யாரோ பழக்கதோஷத்தில் அரிசி தூவினார்கள்.

“அத்தான், எனக்கு ஏற்கனவே கல்யாணம் ஆயிட்டே” என்றான் வெள்ளத்துரை பயந்துபோய்.

“சும்மா இருலே.”

வீரபாகு மைக்கைப் பிடித்தார். “இன்று இந்தக் கட்டத்தில் ஓர் எண் அடிக்கப்படப் போகிறது. அந்த எண்ணை நான் மூன்று தடவை சரிபார்த்தேன். துணைத்தலைவர் சரிபார்த்தார். அவர் சரிபார்த்ததை நான் சரிபார்த்தேன். இந்த எண் எந்த மெஷினுடையது என்று சிலர் கேட்கிறார்கள். அது எங்கள் வேலையல்ல. எண் சரியா என்பதுதான் எங்கள் வேலை. எதற்குச் சரி என்பது வேறொரு பிரிவு. அந்தப் பிரிவு இன்னும் தொடங்கப்படவில்லை!”

பலத்த கைதட்டல். பாக்குவெட்டியால் அரக்கை உடைத்தார்கள். எண்ணை வீரபாகுவே ஒவ்வோர் இலக்கமாக அடித்தார். வலது ஆள்காட்டி விரலால் என்டரைத் தட்டினார். கட்டம் அந்த எண்ணை மறுபேச்சில்லாமல் விழுங்கியது.

மேடையில் நின்ற லாரிக்கு எடை வரவில்லை. அதை யாரும் கவனிக்கவும் இல்லை. சாப்பாட்டு நேரம் வந்துவிட்டதால் பிரிவினர் அனைவரும் வெளியே போவதற்காகக் கைரேகை மெஷினில் பெருவிரல் வைக்க வரிசையில் நின்றார்கள். முதலில் வீரபாகு வைத்தார்.

வாசலில் லாரிகளுக்காகத் தொங்கும் பெரிய பலகையில் சிவப்பு எழுத்து எரிந்தது. ஒலிபெருக்கியில் பதிவுசெய்யப்பட்ட பெண்குரல் கணீரென்று சொன்னது: “காலி வண்டி. சரக்கு இல்லை. நிகர எடை, பூஜ்யம்.”

உட்கார்ந்திருந்த டிரைவர்கள் எழுந்து நின்றார்கள்.

வீரபாகு பலகையை அண்ணாந்து பார்த்தார். “பாத்தீங்களா? கழகத்துக்கு நான் ஒரு சுமையே இல்லேன்னு மெஷினே சொல்லுது” என்றார். அச்சாகி வந்த எடைச் சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு காரில் ஏறினார்.

அடுத்து சிவப்பிரகாஷ். ஒல்லியான மனிதர். பெருவிரலை வைத்தார். “இருபத்து மூன்று டன்” என்றது குரல். “அளவுக்கு மீறிய பாரம். வண்டியை வெளியே விடாதீர்கள்.” வாசல் கம்பம் டமாலென்று இறங்கி, அவரையும், பின்னால் புறப்பட்ட வீரபாகுவின் காரையும் சேர்த்து மறித்தது.

ரெக்சன் லத்தியோடு வந்தார். “சீட்டுல என்ன இருக்கோ அதுதான் சார். சரக்கை இறக்கிட்டு வாங்க.”

“யோவ், நான் மனுஷன்யா!”

“அது சீட்டுல இல்லையே சார்.”

சிவப்பிரகாஷ் சாப்பாட்டு டப்பாவை இறக்கினார். செல்போனை இறக்கினார். பெல்ட்டையும் கழற்றி வைத்துவிட்டு மறுபடி விரல் வைத்தார். “இருபத்து நான்கு டன்” என்றது குரல்.

காரிலிருந்து இறங்கிய வீரபாகு அவசரக் கூட்டத்தைப் பந்தலிலேயே கூட்டினார். மெஷின் தப்பாகக் காட்டுகிறது என்று சிவப்பிரகாஷ் சொன்னார். சரிபார்க்கப்பட்ட உள்ளீட்டால் பிணைக்கப்பட்ட மெஷின் எப்படித் தப்பாகக் காட்டும் என்று வீரபாகு கேட்டார். எல்லோரும் சிவப்பிரகாஷை மேலும் கீழும் பார்த்தார்கள். சிவப்பிரகாஷுக்கே சந்தேகம் வந்து தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மற்றவர்களும் விரல் வைத்துப் பார்ப்பது என்று தீர்மானமாயிற்று. தட்டெழுத்தருக்குக் கழித்தல் ஆறு டன் வந்தது. அவருக்கு யாராவது ஆறு டன் ஏற்றினால்தான் அவர் இருப்பதாகவே கணக்கு என்றார் துணைத்தலைவர். இப்படியே மணி மூன்று அடித்துவிட்டது.

எடைமேடை அறைக்குள் லிங்கராஜும், கேபிளோடு கட்டுண்ட வெள்ளத்துரையும் மட்டும் இருந்தார்கள். கழுத்தில் மாலை வாடிக்கொண்டிருந்தது. வெள்ளத்துரை ஜன்னல் வழியாகத் தன் லாரியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

லிங்கராஜ் கீபோர்டைப் பார்த்தார். என்டர் பட்டன் இரண்டு வருடத்துக்குப் பிறகு வெளிச்சத்தில் கிடந்தது. ஓரத்தில் கொஞ்சம் அரக்கு ஒட்டியிருந்தது, அவ்வளவுதான்.

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்தார். நெஞ்சு, கருவாட்டு லாரியின் பழைய எஞ்சின்போல அடித்தது. முதலில் கைரேகை மெஷினின் வயரைப் பிடுங்கினார். வெளியே குரல் பாதியில் நின்றது. பிறகு கட்டத்தில் ஒவ்வோர் எழுத்தாக அடித்தார். நாலு. சி. ஏழு. இ. இடையில் ஒரு தடவை நிறுத்தி, அடித்ததையும் சீட்டையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்தார். சைபர். ஒன்று. பி. ஒன்பது. மறுபடியும் ஒப்பிட்டுப் பார்த்தார். கழகத்தின் வரலாற்றில் ஓர் உள்ளீடு உண்மையிலேயே சரிபார்க்கப்பட்டது அப்போதுதான். ஆனால் அது அவருக்குத் தோன்றவில்லை.

என்டரைத் தட்டினார்.

அனுமதி இருக்கிறதா என்று கட்டம் கேட்கவில்லை. எந்த விரல் என்றும் கேட்கவில்லை. சிமிட்டிக்கொண்டிருந்த கோடு மறைந்து, மேடையில் நின்ற லாரியின் எடை பளிச்சென்று வந்தது.

“அத்தான்!”

“சத்தம் போடாதலே” என்று கத்தினார் லிங்கராஜ். கத்தரிக்கோலை எடுத்து மஞ்சள் கயிற்றை வெட்டினார். சீட்டை அவன் கையில் திணித்தார். “ஓடு. திரும்பிப் பாக்காத.”

எட்டு டன்னில் கள ஆய்வு போக ஏழே முக்கால் டன் மிச்சமிருந்தது. சீட்டைப் பார்த்ததும் ரெக்சன் சல்யூட் அடித்துக் கம்பத்தைத் தூக்கினார். கழுத்தில் மாலையோடு வெள்ளத்துரை லாரியை விரட்டினான். பின்னாலேயே உப்பு, கருவாடு, மறுபடி உப்பு என்று வரிசை நகரத் தொடங்கியது. லிங்கராஜ் தலை நிமிராமல் தட்டிக்கொண்டே இருந்தார். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது போன் வந்தது.

“ஏத்தியாச்சு அத்தான். பொட்டியைப் பூட்டுதாங்க. நான் பக்கத்துல நின்னு கைவச்சுப் பாத்தேன், உள்ள ஜில்லுன்னு இருக்கு.” அவன் அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை. லிங்கராஜுக்கும் தன்னைப் பற்றி அது தெரியவில்லை.

திங்கட்கிழமை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். பதினாலு பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். குற்றத்தை வீரபாகு வாசித்தார்: “உரிய அனுமதியின்றி எடைமேடையை ஒழுங்காக இயங்கச் செய்தது. அதன் விளைவாக நூற்றுப் பன்னிரண்டு லாரிகள் தேங்காமல் போக நேர்ந்தது. ஒப்புக்கொள்ளுதீரா?”

“ஒப்புக்கிடுதேன் சார்.”

“ஏன்வே செஞ்சீரு?”

லிங்கராஜ் கொஞ்ச நேரம் யோசித்தார். பதினொரு வருடத்தில் அலுவலக நேரத்தில் அவர் யோசித்தது அந்த வாரத்தில்தான் அதிகம்.

“காயி பழுத்துட்டிருந்துச்சு சார்” என்றார்.

இந்தப் பதிலை விதிப்புத்தகத்தின் எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று அவர்களுக்குப் புரியவில்லை. கடைசியில் லிங்கராஜை அறுபது கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கிட்டங்கிக்கு மாற்றுவதென்று முடிவாயிற்று. ஆணையைத் தட்டெழுத்தர் அங்கேயே அடித்தார். அச்செடுக்கும் பட்டனை அமுக்கினார். ஒன்றும் வரவில்லை. மறுபடி அமுக்கினார்.

“சார், பிரிண்டர் போன வெள்ளிக்கிழமை வந்த புதுசு. கம்ப்யூட்டருக்கு இது யாருன்னு தெரியலையாம். நம்பரை அடிச்சு டிரைவரோட பிணைக்கணுமாம்.”

பழைய பிரிண்டர் எங்கே என்று துணைத்தலைவர் கேட்டார். அதைக் கழித்துக் கட்டியாயிற்று. கையால் எழுதிக் கொடுத்தால் என்ன என்று ஒருவர் கேட்டார். கையெழுத்து என்பது சரிபார்க்கப்படாத உள்ளீடு என்று சிவப்பிரகாஷ் நினைவூட்டினார். பிரிண்டர் எண்ணைச் சரிபார்க்க ஏழு மாதம். அதற்குமுன் ஒரு டிரைவர் வேண்டும், லைசென்ஸ் வேண்டும், ஒரு கர்னல் வேண்டும், இரண்டு ஜாமீன் வேண்டும்.

வீரபாகு தொண்டையைச் செருமினார். நாற்காலியை லிங்கராஜ் பக்கம் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

“லிங்கராஜு, உமக்குத்தான் இந்த வேலை தெரியுமாமே. சட்டுனு அடிச்சு விட்டுட்டுப் போறது. யாரும் பாக்கமாட்டோம். என்னவே?”

பதினாலு பேரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

லிங்கராஜ் எழுந்து நின்று, வேட்டியைச் சரிசெய்து, கைகளைக் கட்டிக்கொண்டார்.

“சரிபார்க்காம அடிச்சா தப்புல்லா சார்” என்றார் மிகுந்த பணிவோடு. “விண்ணப்பம் போடுங்க. கீழ உப்பு லாரி நிக்கி, நான் வாரேன்.”